தூக்கிய கை

கம்பெனியில் அவளுக்கு ரிஜெக்ட் அக்கா என்று பெயர். அன்பாக வைத்த பெயர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தைத்து முடித்த சட்டைகளைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன் கடைசியாகப் பார்க்கிற மேஜை அவளுடையது. குழாய் விளக்குக்கு அடியில் சட்டையை விரிப்பாள், காலரை மடக்கிப் பார்ப்பாள், பட்டன் துளைக்குள் நகத்தை விட்டு இழுப்பாள். தையல் ஒரு நூல் விலகியிருந்தால் போதும், சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாகத் தள்ளிவிடுவாள். தைத்த பெண் ஓடி வந்து, "அக்கா, குழந்தைக்குக் காய்ச்சல்க்கா, கண்ணு சொருகுதுக்கா" என்று கையைப் பிசைவாள். "அடப்பாவமே, டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று இவளும் நிஜமான கவலையோடுதான் கேட்பாள். ஸ்டிக்கரை மட்டும் எடுக்க மாட்டாள். சட்டை போடப்போகிறவனுக்குக் குழந்தையின் காய்ச்சல் தெரியாது, காலர் கோணலாக இருப்பதுதான் தெரியும். மனசைப் பார்த்து மார்க் போட ஆரம்பித்தால் கம்பெனியை இழுத்துப் பூட்ட வேண்டியதுதான் என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சிக்குச் சோதனை வீட்டு வாசல் ஏறி வரும் என்று அவள் கண்டாளா!

அவள் கணவர் பெயின்டர். கட்டடங்களுக்கு வெளிப்புறம் அடிக்கிறவர். ஒரு கடைத்தெருவில் மாடிச் சுவருக்கு அடித்துக்கொண்டிருந்தபோது சாரத்தின் பலகை நழுவி, பெயின்ட் டப்பாவும் அவருமாக ரோட்டில் விழுந்தார்கள். டப்பா உருண்டு போய்விட்டது. அவர் மல்லாக்கக் கிடந்தார். கூட்டம் கூடியது. கூட்டம் என்றால்தான் தெரியுமே, சுற்றி நின்று அடடா சொல்லும், போனை எடுத்து உயர்த்திப் பிடிக்கும், கிட்டே வராது. பக்கத்து மரச்சாமான் கடைக்கு லாரியில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்த லோடுமேன் ஒருவர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

அவருக்கு அந்தத் தெருவில் பீரோ என்று பெயர். இரும்புப் பீரோவை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றிக்கொண்டு மாடிப்படி ஏறுகிற ஆள். வந்தவர், கீழே கிடந்தவரின் அக்குளில் கையைக் கொடுத்து, ஒரு எக்கு எக்கி, தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "முதுகுல அடிபட்டிருக்கும், தூக்கக் கூடாதுங்க, கீழே வைங்க!" என்று கூட்டத்தில் யாரோ கத்தியிருக்கிறார்கள். ஆனால் லோடுமேன்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தோளில் ஏறிவிட்ட சாமானை, சேர வேண்டிய இடம் வரும்வரை நடுவில் இறக்க மாட்டார்கள். இறக்கினால் மறுபடி எடுக்க வேண்டும், அது இரட்டை வேலை, இடுப்புக்கும் ஆகாது. அந்தப் பழக்கத்திலேயே தெருமுனை வரை நடந்து, ஒரு வாடகை வண்டியில் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, தானும் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்.

டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "விழுந்ததுல எலும்பு விரிசல் விட்டிருக்கு. அதோட நின்னிருக்கும்னு நினைக்கிறேன். தூக்கினதுல விலகி நரம்பை அழுத்திடுச்சு. பலகையில படுக்க வெச்சுக் கொண்டுவந்திருந்தா கால் தப்பிச்சிருக்கலாம்." அவள் படத்தையே பார்த்தாள். விலகல் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. அவளைத் தவிர வேறு யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. அந்த ஆள் பேசாமல் லாரியிலேயே நின்றிருந்தால், என் புருஷன் இன்றைக்கு நடந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு வாக்கியத்தை அவள் அன்று மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு வெகு நாள் கீழே வைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீடு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. படி குறுகல், இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பாது. ஆம்புலன்ஸ் ஆட்கள் ஏற்றிவரும்போது அந்த இடத்தில் ஒரு பக்கம் சரித்துவிட்டார்கள். அவர் போட்ட சத்தத்தில் கட்டடத்தில் எல்லாக் கதவும் திறந்தது. கீழ்த்தளத்தில் வீடு தேடினார்கள், காலியாவதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்த பிசியோதெரபிஸ்ட் பெண் சுற்றி வளைக்காமல் சொன்னாள். "தொடையில உணர்ச்சி திரும்புது, நல்ல விஷயம். கம்பியைப் பிடிச்சு நிக்கிற பயிற்சியை இப்பவே எங்க சென்டர்ல ஆரம்பிக்கணும். ஆரம்பிச்சா ஊன்றுகோலோட நடக்க வாய்ப்பிருக்கு. தள்ளிப்போட்டீங்கன்னா தசை வத்திடும். அப்புறம் நான் தலைகீழா நின்னாலும் அவர் நேரா நிக்க மாட்டார்." படியில் இறக்குவதற்கு முன் முதுகுக்குப் போடுகிற பெல்ட்டை இடுப்பில் எப்படி இறுக்க வேண்டும், முதுகு வளையாமல் எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டித் தந்தாள். ஒருவர் பின்னாலிருந்து அக்குள் வழியாக மார்பைச் சேர்த்து அணைத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் முழங்காலைத் தாங்க வேண்டும். பின்னால் நிற்கிறவர் முழு எடையையும் தாங்குகிற ஆளாக இருக்க வேண்டும், ஏனென்றால் திருப்பத்தில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க இடமில்லை. "அப்படி யாராவது இருக்காங்களா?" என்று கேட்டாள்.

அறையிலிருந்த எல்லோரும் வாசலில் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார்கள். ரிஜெக்ட் அக்கா மட்டும் சுவரைப் பார்த்தாள்.

ஆமாம், பீரோ வந்துகொண்டுதான் இருந்தார். முதலில் ஆஸ்பத்திரி வராந்தாவில் பழப்பையோடு வந்து நின்றார். பிறகு வேலை இல்லாத நாட்களில் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். நான் தூக்கிட்டுப் போறேம்மா என்று ஒருமுறை வாயைத் திறந்தார். "நீங்க தூக்கின வரைக்கும் போதும்" என்றாள் அவள். அதற்குப் பிறகு அவர் தூக்குவது பற்றிப் பேசவில்லை, வருவதை நிறுத்தவுமில்லை.

அவர் வருவதே மாமியாரின் தைரியத்தில்தான். "அவன் மனசு தங்கம்மா. அத்தனை பேர் வேடிக்கை பார்த்தப்ப அவன் ஒருத்தன்தானே வந்தான்?" என்பார் மாமியார்.

"வேடிக்கை பார்த்தவங்களால இவருக்கு ஒரு கெடுதலும் வரல அத்தை. மனசு தங்கமா இருந்தவராலதான் வந்துச்சு."

"அவன் கெடுக்கணும்னா வந்தான்? காப்பாத்தணும்னு வந்தான்."

"அப்படியே இருக்கட்டும். அவரு நினைச்சதையா நம்ம வீட்டுல படுக்க வெச்சிருக்கோம்? அவரு செஞ்சதைத்தான் படுக்க வெச்சிருக்கோம்."

மாமியார் முந்தானையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பேச்சு அதோடு நின்றுவிடும்.

இந்த வழக்கில் அவளுடைய அண்ணனும் ஆஜரானார். பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். எதையும் குரங்கிலிருந்து ஆரம்பிப்பார். "நல்ல மனசும் இல்ல, கெட்ட மனசும் இல்ல. ஆதிகாலத்துல கூட்டத்துல ஒருத்தன் விழுந்தா, அவனை இழுத்துக்கிட்டு ஓடின கூட்டம் பிழைச்சுது. போட்டுட்டு ஓடின கூட்டம் அழிஞ்சுது. பிழைச்சவங்க பேரப்பிள்ளைங்கதான் நாம. விழுந்தவனைப் பார்த்தா கை தானா போகும். புலி துரத்தறப்ப முதுகெலும்பைப் பத்தி யாரு யோசிப்பா?"

படுக்கையிலிருந்து அவள் கணவர், "மச்சான், அன்னைக்குக் கடைத்தெருவுல புலி எதுவும் வரலையே" என்றார்.

"கைக்கு அது தெரியாது மாப்பிள்ளை."

"அப்போ யாரு மேலயும் தப்பில்ல. புலி மேலதான் தப்பு. பிடிச்சுட்டு வாண்ணா, ஸ்டிக்கர் ஒட்டறேன்" என்றாள் அவள்.

அண்ணன் சிரிக்கவில்லை. "உன் கோபமும் அங்கேயிருந்துதான் வருது. கெடுத்தவனை மறந்துபோன கூட்டமும் பிழைக்கல. அதனால உன்னையும் நான் குத்தம் சொல்லல" என்றார். அவளுக்கு அதில் எரிச்சல்தான் வந்தது. எத்தனை நாள் தூக்கம் கெட்டு, அழுது, சேர்த்து வைத்த கோபம்! அது தன்னுடையதே இல்லை, ஏதோ குகையிலிருந்து வந்தது என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்? இத்தனைக்கும் அண்ணன் நல்லவர். தானே தூக்குவதாகக் கிளம்பினார். குடலிறக்க ஆபரேஷன் ஆன மனுஷர், தண்ணீர்க் குடத்தைத் தொடவே டாக்டரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவள்தான் அவரை அதட்டி உட்காரவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை முதல் பயிற்சி என்று சென்டரில் நேரம் கொடுத்துவிட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை. மருமகளைக் கேட்காமலே மாமியார் பீரோவை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார். சாயங்காலம் பீரோ வந்து, வழக்கம்போல செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றார். அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வேறு வழி இல்லை என்று அவளுக்கும் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் டீயைக் கையில் கொடுத்து, அவர் தலையில் கையை வைத்து, "நீ நல்லா இருக்கணும் தம்பி. யாரும் சொல்லாம கொள்ளாம, சாமி மாதிரி வந்து என் பிள்ளையைத் தூக்கினியே. அந்த மனசுக்கு உனக்கு ஒரு குறையும் வராது" என்றார்.

பீரோ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"போதும்மா. இனிமே இப்படிச் சொல்லாதீங்க. நான் அப்படி வரல" என்றார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். "அலமாரி இறக்கிக்கிட்டு இருந்தோம். இவரு கடை வாசலுக்கு நேரா விழுந்து கிடந்தாரு. சாமான் உள்ளே போக வழியில்ல. எங்க மேஸ்திரி, 'யாராவது அந்தாளைத் தூக்கி ஓரமாப் போடுங்கடா, வேலை கெடுது'ன்னு கத்தினாரு. பக்கத்துல இருந்தது நான்தான். தூக்கினேன்."

மாமியாரின் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. "அப்போ ஆஸ்பத்திரி வரைக்கும் ஏன் போனே?"

"தெரியலம்மா. தோள்ல ஏத்தினதும் முனகினாரு. அப்புறம் ஓரமாப் போட வரல. அது இரக்கமா, பழக்க தோஷமா, எவ்வளவோ யோசிச்சுப் பார்த்துட்டேன், கண்டுபிடிக்க முடியல."

"இதை இப்போ எதுக்குச் சொல்றீங்க?" என்று கேட்டாள் ரிஜெக்ட் அக்கா. குரல் அவளுக்கே அடையாளம் தெரியவில்லை.

"இவங்க ஆசீர்வாதம் பண்றதைத் தாங்க முடியலம்மா. நீங்க திட்டறது பரவாயில்ல. அது சரியா இருக்கு."

"வெளியே போங்க" என்றாள். அவர் போய்விட்டார்.

திங்கட்கிழமை கம்பெனியில் மேஜை முன்னால் நின்றவளுக்கு வேலையே ஓடவில்லை. கணக்குப்படி பார்த்தால் எதுவும் மாறவில்லை. எலும்பு விலகியது விலகியதுதான். மேஸ்திரி கத்தித் தூக்கியிருந்தாலும், மனம் உருகித் தூக்கியிருந்தாலும் படத்தில் அதே விலகல்தான் தெரியப்போகிறது. மனசாவது மண்ணாங்கட்டியாவது என்று இத்தனை நாள் மாமியாரை வாயடைத்தவள் அவள்தானே? அப்படியிருக்க நேற்று ராத்திரி பூரா உடம்பு ஏன் கொதித்தது? என் புருஷன் அவர்களுக்கு வழியில் கிடந்த சாமானா என்று ஏன் தலையணையைக் குத்தத் தோன்றியது? நல்ல மனசோடு வந்தார் என்பதை அவள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ஒத்துக்கொள்ளாமலே அதன்மேல் சாய்ந்துகொண்டு இருந்திருக்கிறாள். இப்போது அது உருவப்பட்டதும்தான் விழுந்தது தெரிகிறது.

அன்றைக்குப் பார்த்து இரண்டு சட்டைகள் ஒரே பிழையோடு வந்தன. இரண்டிலும் கைப்பட்டி சுருக்கம். ஒன்று காய்ச்சல் குழந்தையின் அம்மா தைத்தது. மற்றதைத் தைத்தவளை எல்லோரும் வாயாடி என்பார்கள். "சூப்பர்வைசர் மேல கடுப்புக்கா. வேணும்னேதான் இழுத்து விட்டேன், ஒட்டிக்கோ" என்று அவளே வந்து சொன்னாள். இவள் இரண்டுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினாள். ஒரே சிவப்பு, ஒரே அளவு. ஒன்றை மடித்து வைத்தாள், மற்றதை வீசினாள். வீசிய பிறகுதான் கவனித்தாள். சட்டைக்கு அந்த ஸ்டிக்கர் போதும், நியாயமும்கூட. ஆளை என்ன செய்வது என்று அந்த மேஜையில் யாரும் அவளைக் கேட்டதில்லை, அவளும் யோசித்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கணவரின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். "நாளைக்குப் போக முடியாதுங்க. வேற ஆள் பார்த்துட்டு அடுத்த வாரம் போகலாம்."

அவர் ஃபேனைப் பார்த்தபடியே, "மேஸ்திரி கத்தினது எனக்குத் தெரியும்" என்றார்.

"எது தெரியும்?"

"தூக்கி ஓரமாப் போடுங்கடான்னது. நான் மயக்கத்துல இல்லையே, காதுல விழுந்துச்சு. அன்னையிலேருந்தே தெரியும்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இவ்வளவு நாளா வாயைத் திறக்கவே இல்லையே நீங்க! அத்தை அவருக்கு ஆரத்தி எடுக்காத குறையாப் பேசறாங்க, நான் ஒரு பக்கம் கரிச்சுக் கொட்டறேன். கேட்டுக்கிட்டுப் பேசாம படுத்திருந்தீங்களா?"

"சொன்னா நீ அவரை வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டே. இன்னொண்ணு, நீங்க எல்லாரும் அவரு நல்லவரா கெட்டவரான்னு மாத்தி மாத்திப் பேசறீங்க. என்னை யாராவது கேட்டீங்களா? எனக்குக் கீழே போகணும். இந்த ஃபேனைப் பார்த்துப் பார்த்து அதுக்கு எத்தனை கோட் பெயின்ட் அடிக்கலாம்னு மனசுக்குள்ள அடிச்சு முடிச்சுட்டேன்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "பயமும் இருக்கு. அவரு கையைப் பார்த்தாலே முதுகு சில்லுங்குது. ஆனா வேற கை இல்லையேம்மா."

அவள் அவருடைய போர்வையை இழுத்துவிட்டாள். சரியாகத்தான் இருந்தது, இருந்தாலும் இழுத்துவிட்டாள்.

"வண்டியில போறப்ப என் தலை அவரு தோள்ல கிடந்துச்சு. 'தூங்கிடாதீங்க, தூங்கிடாதீங்க'ன்னு கன்னத்தைத் தட்டிக்கிட்டே வந்தாரு. என் வீடு எங்கே, யாரெல்லாம் இருக்காங்கன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு. உன்னைப் பத்திச் சொன்னேன். ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் விடல. அதையெல்லாம் எந்த மேஸ்திரியும் சொல்லச் சொல்லல."

அவள் எழுந்து முகம் கழுவிக்கொண்டாள். செருப்பை மாட்டினாள். எங்கே போகிறாய் என்று கேட்ட மாமியாரிடம் வந்துடறேன் என்று மட்டும் சொன்னாள்.

மரச்சாமான் கடையின் குடோன் வாசலில் லோடுமேன்கள் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் பீரோ எழுந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவள் வணக்கம் சொல்லவில்லை. "நாளைக்குக் காலையில வாங்க. அவரைக் கீழே இறக்கணும்" என்றாள்.

"வேணாம்மா."

"என்னது?"

"என்னால முடியாதும்மா. அவரைத் தூக்கினதுக்கப்புறம் சாமானைத் தவிர வேற எதையும் நான் தூக்கல. என் வீட்டுக் குழந்தையைக்கூட. ஓடி வந்தா குனிஞ்சு உட்கார்ந்துக்கறேன். கை பயப்படுது." இரும்புப் பீரோவைத் தூக்குகிறவர் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நீங்க மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா, ஒருவேளை தைரியம் வரும்."

"சொல்ல மாட்டேன். வராததைச் சொன்னா பொய். எனக்கு வரல."

"அப்போ இன்னொரு தடவை ஏதாவது ஆயிட்டா?"

"ஆச்சுன்னா ரெண்டு பேராலயும் ஆனது. கால் பக்கம் நான்தான் பிடிக்கப்போறேன்" என்றாள். "எட்டரைக்கு வந்துடுங்க."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். வருவாரா மாட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வந்தார். குளித்து, நகம் வெட்டிக்கொண்டு வந்திருந்தார். பிசியோதெரபிஸ்ட் காட்டியபடி பெல்ட்டை இறுக்கினார்கள். பீரோ பின்னாலிருந்து அக்குள் வழியாகக் கையைக் கொடுத்து மார்பில் கோத்துக்கொண்டார். கணவரின் முகத்தில் ரத்தமே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவள் முழங்காலைத் தாங்கிக்கொண்டாள். மாமியார் கதவோரம் நின்று எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அண்ணன் முன்னால் இறங்கி, படியில் கிடந்த சைக்கிளையும் பூந்தொட்டியையும் ஒதுக்கினார்.

அவள் பின்புறமாகப் படி இறங்க வேண்டியிருந்தது. காலால் தடவித் தடவி அடுத்த படியைத் தேட வேண்டும், கண்ணுக்கு நேரே கணவர் முகம், அதற்கு மேலே பீரோவின் முகம். பெல்ட் கிறீச்சிட்டது. மெதுவாக மூன்றாம் மாடிப் படிகள் முடிந்தன. இரண்டாம் மாடித் திருப்பம் வந்தது. அங்கே அவள் கணவரின் காலை விட்டுவிட்டு இரண்டு படி கீழே இறங்கி நிற்க வேண்டும், முழு எடையையும் அவர் ஒருவரே தாங்கித் திரும்ப வேண்டும். அவள் காலை விட்டாள்.

பீரோ நின்றுவிட்டார்.

"அம்மா, கை நடுங்குதும்மா. பிடி வரல."

நடுக்கம் அவளுக்கே தெரிந்தது. கோத்திருந்த விரல்கள் ஒன்றொன்றாக வழுக்கிக்கொண்டிருந்தன. கணவரின் உடம்பு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. "ஏம்மா!" என்றார் அவர், சின்னக் குழந்தை கூப்பிடுவது போல. கீழே நின்ற அண்ணன் ஏறி வர இடமில்லை. மேலே திரும்பிப் போகவும் முடியாது. அங்கேயே கிடத்தவும் சமமான இடம் இல்லை.

"மன்னிச்சுட்டேன்!" என்று கத்தினாள் அவள். "கேக்குதா? மன்னிச்சுட்டேன். எப்பவோ மன்னிச்சுட்டேன். இறுக்கிப் பிடிங்க. என்னைப் பாருங்க. இறுக்குங்க. ஆங், இப்போ திரும்புங்க."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் திறந்தது, வந்துவிட்டது. பீரோ அவள் கண்ணைப் பார்த்தார். ஒரு மூச்சு இழுத்தார். விரல்கள் மறுபடி கோத்துக்கொண்டன. உடம்பைச் சுவரோரமாக ஒட்டி, குழந்தையைத் தொட்டிலில் திருப்பிப் போடுகிற நிதானத்தோடு, திருப்பத்தைக் கடந்தார். அவள் மறுபடி முழங்காலைத் தாங்கிக்கொண்டாள்.

கீழே சக்கர நாற்காலியில் உட்காரவைத்ததும் கணவர் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் முகத்தைக் காட்டினார். தொடையை அழுத்திப் பார்த்துக்கொண்டார், அதே உணர்ச்சி இருந்தது. முதுகில் புதிதாக வலி எதுவும் இல்லை என்றார். அண்ணன் வண்டி பிடிக்க ஓடினார். மாமியார் மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து, ஆச்சா, ஆச்சா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பீரோ சுவரில் சாய்ந்து நின்று துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்தும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு மெல்லக் கேட்டார்.

"அம்மா, மேலே சொன்னீங்களே. அது நிஜமா? இல்ல, அவரு விழுந்துடக் கூடாதுன்னு சொன்னதா?"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தாள். நிஜம் என்று சொல்லலாம், அவர் நிம்மதியாகப் போவார். பொய் என்று சொல்லலாம், மன்னிப்பு வரவில்லை என்பதுதான் நேற்று வரைக்கும் அவள் கட்சி. உள்ளே தேடிப் பார்த்தாள். நேற்று அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்ததுதான் நினைவுக்கு வந்தது.

"எனக்கே தெரியலங்க" என்றாள். "தெரிஞ்சா கண்டிப்பா சொல்றேன்."

அவர் தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பப் பார்த்தார்.

அவள் சட்டென்று அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"பயிற்சி முடிஞ்சதும் அவரை மேலே ஏத்தணும்ல. எங்கேயும் போயிடாதீங்க."